முதற் கணினிக்கு உறுப்புத் தெரிதல்

தமிழ் கற்பிப்போர்க்குக் கணினியின் உறுப்புகளைப் பற்றி எழுதுவதற்கு யாது உரிமை உண்டு என இம்மலரைப் புரட்டும் அன்பர் சிலர் வினவுதல் கூடும். எழுத்தைப் பேணுதல் எம் தொழில். அவ்வெழுத்து ஏட்டை விட்டுத் தாளுக்கும், தாளை விட்டுத் திரைக்கும் குடிபெயர்ந்து பல்லாண்டுகள் ஆயின. யூனிகோட் எனப்படும் ஒருங்குகுறியின் முதற் பதிப்பு 1991ஆம் ஆண்டு வெளிவந்தபோதே தமிழெழுத்துகளும் அதில் இடம்பெற்றன. இன்று மாணவர் கட்டுரை எழுதுவதும், ஆசிரியர் வினாத்தாள் ஆக்குவதும், மலர்கள் அச்சுக்கு ஒழுங்கு செய்யப்படுவதும் கணினியிலேயே. ஆதலின் அக்கருவியின் இயல்பை ஓரளவேனும் அறிந்துகொள்ளுதல் தமிழாசிரியர்க்கும் கடனேயாம்.

பிறிதொரு காரணமும் உண்டு. க.பொ.த. உயர்தரத்திலே தொழினுட்பத் துறை 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. எத்துறையிற் கற்கும் பிள்ளையும் இப்பொழுது வீட்டில் ஒரு கணினி இருத்தல் வேண்டும் என்று விரும்புகின்றது. நகையை அடைவு வைத்தும் சீட்டுப் பணம் எடுத்தும் பெற்றோர் அவ்விருப்பத்தை நிறைவேற்றுகின்றனர். அவ்வாறு வந்த பெட்டி ஓராண்டு கழியுமுன் ஓய்ந்து மூலையிற் கிடக்குமாயின், கெடுவது பணம் மாத்திரமன்று. பிள்ளையின் ஊக்கமும் உடன் கெடும். உறுப்புகளைத் தனித்தனியே தெரிந்து வாங்கித் தாமே கூட்டி அமைப்போர், தாம் கொடுத்த பணம் எவ்வுறுப்பிற்குச் சென்றது என்பதை அறிவர். பழுது நேரின் அவ்வுறுப்பு ஒன்றையே மாற்றுவர். ஆயினும் தெரியும் முறை அறியாதார்க்கு இதுவே வீண் செலவாகவும் முடியும். அம்முறையை ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

கூட்டி அமைத்தல் இயலுமாறு

ஒருவர் செய்த பலகையில் மற்றொருவர் செய்த அட்டை பொருந்துவது எங்ஙனம் என்பதை முதலில் அறிதல் நன்று. 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாட் கணினியை வெளியிட்டது. இன்ரெல் நிறுவனத்தின் 8088 என்னும் முறைவழியாக்கி அதில் இருந்தது. அதன் வேகம் 4.77 மெகாஹேட்ஸ். பிற நிறுவனத்தார் செய்யும் அட்டைகளையும் செருகிக்கொள்ளத்தக்க திறந்த அமைப்பாக அஃது ஆக்கப்பட்டமையால், உறுப்புகளைத் தனித்தனியே செய்து விற்கும் வழக்கம் பெருகிற்று. பின்னர் 1995ஆம் ஆண்டு இன்ரெல் நிறுவனம் வகுத்த ஏ.ரி.எக்ஸ். என்னும் அளவுத்திட்டம், பலகையின் நீள அகலம், திருகாணித் துளைகளின் இடம், மின்னிணைப்பு ஆகியவற்றை வரையறுத்தது. அத்திட்டமும் அதன் வழிவந்த சிறிய அளவுகளுமே இன்றும் பெருவழக்காய் உள்ளன.

கணினிப் பெட்டியின் முதன்மையான உறுப்புகள் ஏழு. கணிப்பைச் செய்யும் முறைவழியாக்கி. ஏனையவற்றைத் தாங்கி இணைக்கும் தாய்ப்பலகை. செய்யும் வேலையை அவ்வேளை வைத்திருக்கும் நினைவகம். மின் நின்ற பின்னும் அழியாது காக்கும் சேமிப்பகம். மின்னை வேண்டியவாறு மாற்றித் தரும் வலு வழங்கி. இவற்றை அடக்கும் பேழை. வேண்டுவோர்க்கு மாத்திரம் வரைவியல் அட்டை. கடைத்தெருவில் இவை முறையே புறோசெசர், மதர்போட், றாம், ஹாட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை, கேசிங், கிறபிக்ஸ் காட் என வழங்கும். பட்டியல் எழுதும்போது இப்பெயர்களையே எழுதுக. கடைக்காரர்க்கு அவையே விளங்கும்.

இரு விதிகள்

உறுப்புத் தெரிதலுக்கு அடிப்படையாய் அமைவன பொருத்தம், சமன் என்னும் இரண்டே.

பொருத்தத்தை எம் மாணவர்க்குப் புணர்ச்சி விதியைக் கொண்டு விளக்குவது வழக்கம். நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் நோக்கியே சொற்கள் புணரும். அவ்வாறே முறைவழியாக்கியின் அடியும் தாய்ப்பலகையின் சொக்கற் என்னும் பொருத்துவாயும் ஒத்திருத்தல் வேண்டும். இன்ரெல் நிறுவனம் 2021ஆம் ஆண்டு கொண்டுவந்த எல்.ஜி.ஏ. 1700 என்னும் வாயில் 1700 தொடுகைகள் உள்ளன. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம். 4 வாயில் 1331 துளைகளும், 2022இல் வந்த ஏ.எம். 5 வாயில் 1718 தொடுகைகளும் உள. ஒன்றிற்கு உரியது மற்றொன்றில் அமராது. ஈண்டு விகாரத்துக்கு இடமில்லை. வலிந்து பொருத்தின் ஊசி வளையும், பணம் போம். நினைவகமும் இத்தகையதே. டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என்னும் இரு வகைக்கும் தொடுகைகள் 288 ஆயினும், நடுவேயுள்ள வெட்டு இடம் மாறியிருத்தலின் ஒன்றன் வாயில் மற்றொன்று செல்லாது. எல்.ஜி.ஏ. 1700 பலகைகளுள் டி.டி.ஆர். 4 ஏற்பனவும் டி.டி.ஆர். 5 ஏற்பனவும் தனித்தனியே இருப்பதனால், பலகையின் முழுப்பெயரைப் படித்த பின்னரே நினைவகம் வாங்குதல் வேண்டும்.

சமன் என்பது பின்வருமாறு. வண்டியிற் பூட்டிய இரு எருதுகளில் ஒன்று நொண்டுமாயின், மற்றையது எவ்வளவு கொழுத்ததாயினும் வண்டி நொண்டியின் நடையிலேயே செல்லும். விலையுயர்ந்த முறைவழியாக்கியை வாங்கி, அதனோடு 4 ஜிகாபைற்று நினைவகத்தையும் பழைய சுழல்தட்டையும் சேர்த்து வைத்தவர், இயக்கும் விசையை அழுத்திவிட்டுத் தேநீர் அருந்தி வரலாம். அதே பணத்தில் நடுத்தர முறைவழியாக்கியும் போதிய நினைவகமும் திண்ம நிலைச் சேமிப்பகமும் வாங்கியவரின் கணினி சில செக்கன்களில் வேலைக்கு ஆயத்தமாகும். கடைக்கண்ணாடியில் மின்னும் ஓர் உறுப்பின்மேற் காதல் கொண்டு ஏனையவற்றைப் பட்டினி போடுதல், முதன்முறை அமைப்போரிடம் பெரிதும் காணப்படும் குறையாகும்.

பயனும் பணமும்

கடைக்குச் செல்லுமுன் தாளிலே இரு வரிகள் எழுதுக. இக்கணினி எவ்வேலைக்கு என்பது முதல் வரி. எம்மிடம் உள்ள மொத்தப் பணம் எவ்வளவு என்பது இரண்டாம் வரி. கட்டுரை எழுதுதல், கணக்கேடு, நிரல் எழுதப் பழகுதல், இணையவழி வகுப்பு என்பவற்றுக்கு ஒரு வகை. நிகழ்படம் தொகுத்தல், முப்பரிமாண வரைபு, பெரிய விளையாட்டுகள் என்பவற்றுக்கு வேறொரு வகை. முன்னதற்குத் தனி வரைவியல் அட்டை வேண்டுவதில்லை.

பணத்தைப் பெட்டி முழுவதற்கும் செலவிட்டுவிட்டுத் திரை வாங்க வழியின்றித் திகைப்போரைக் கண்டிருக்கின்றோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. மொத்தத் தொகையை 100 பங்காகக் கொள்வோம். திரை, விசைப்பலகை, சுட்டி, மின் நின்றபோது உதவும் யூ.பி.எஸ். ஆகியவற்றுக்கு முதலிலேயே 30 பங்கை ஒதுக்குக. எஞ்சிய 70இல் முறைவழியாக்கிக்கு 20, தாய்ப்பலகைக்கு 15, நினைவகத்துக்கு 12, சேமிப்பகத்துக்கு 10, வலு வழங்கிக்கும் பேழைக்குமாக 13 எனப் பகுத்தல் மாணவர் கணினிக்கு ஏற்றதாகும். இப்பகுப்பு இறுகியதன்று, சந்தை நோக்கி இளகும். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற அமெரிக்க டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாய் அளவை எட்டியபோது, இறக்குமதிப் பொருளாகிய உறுப்புகள் யாவும் விலையேறின. 2025ஆம் ஆண்டின் இறுதியிலோ, செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணினி நிலையங்கள் நினைவகத்தை மிகுதியாகக் கொள்முதல் செய்தமையால், நினைவகத்தின் விலை உலகெங்கும் உயர்ந்தது. ஆகவே பட்டியலை எழுதி முடித்த கிழமையிலேயே இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டல் நன்று. சென்ற ஆண்டு அயலவர் சொன்ன விலை கணக்கிற்கு உதவாது.

முறைவழியாக்கி

இதன் பெயரைப் படிக்கத் தெரிந்தவர் பாதி ஏமாற்றத்திலிருந்து தப்பினவராவர். ஐ 3, ஐ 5, ஐ 7 என்பன ஒரே தலைமுறைக்குள் உள்ள படிகள். தலைமுறையைக் காட்டுவது அவற்றின் பின்வரும் எண். ஐ 7 2600 என்பது இரண்டாம் தலைமுறை, 2011இல் வந்தது. ஐ 3 12100 என்பது பன்னிரண்டாம் தலைமுறை, 2022இல் வந்தது. இரண்டிலும் கருக்கள் நான்கே. ஆயினும் பின்னது முன்னதை வேகத்தில் எளிதில் விஞ்சும். மின்னும் குறைவாகவே கொள்ளும். 'ஐ 7' என்னும் பெயருக்காகவே பழையதை வாங்குவோர், ஓய்வுபெற்றவரின் பதவிப்பெயரைக் கேட்டு அவரிடம் இன்றைய வேலையை ஒப்படைப்போரை ஒப்பர். மேலும் 2021இல் வெளிவந்த வின்டோஸ் 11 இன்ரெலின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றை முறையாக ஏற்பதில்லை. வின்டோஸ் 10க்கான பொது ஆதரவோ 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவுற்றது. பழைய கணினியை வாங்க எண்ணுவோர் இதனை மறத்தலாகாது. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை விலையின்றிக் கிடைப்பது. பழைய உறுப்புகளிலும் இயங்கும். வின்டோஸ் வேண்டுவோர் அதற்குரிய உரிமக் கட்டணத்தையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

எண்ணின் ஈற்றிலுள்ள எழுத்தையும் நோக்குக. இன்ரெல் பெயரின் ஈற்றில் 'எவ்' என்னும் ஆங்கில எழுத்து நிற்குமாயின் அதனுள் வரைவியல் வசதி இல்லை. தனி அட்டை இன்றேல் திரை இருண்டே கிடக்கும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் றைசன் 5 5600ஜீ போன்றவற்றில் ஈற்று 'ஜீ' வரைவியல் உட்பொதிந்தமையைக் காட்டும். ஆறு கருக்களையுடைய அதனைக் கொண்டு அட்டை வாங்காமலே மாணவர் பணி அனைத்தும் ஆற்றலாம். ஓர் எழுத்தால் பொருள் மாறுதல் தமிழுக்கு மாத்திரம் உரியதன்று என்பதை இதனால் அறிக.

தாய்ப்பலகை

பலகை வீட்டின் அத்திவாரம் போல்வது. பின்னர் மாற்றுதல் அரிது. ஆயினும் ஒளிவிளக்குகளும் அலங்காரத் தகடுகளும் உடைய பலகைக்கு மிகைப்பணம் கொடுப்பதாற் பயனில்லை. நினைவகத்துக்குக் குறைந்தது இரண்டு வாய்கள், எம். 2 வகைச் சேமிப்பகத்துக்கு ஒரு வாய், பிற்காலத்தில் வரைவியல் அட்டை செருகுவதற்கு நீண்ட வாய் ஒன்று ஆகியவை இருத்தல் போதும். மைக்குறோ ஏ.ரி.எக்ஸ். எனப்படும் 244 மில்லிமீற்றர்ச் சதுர அளவு விலை குறைந்ததும் தேவைக்கு ஏற்றதுமாகும்.

எதிர்காலத்தையும் சிறிது நோக்குதல் வேண்டும். ஏ.எம். 4 பழைய வாய், உறுப்புகள் மலிவு, ஆனால் அடுத்த படி ஏறுதற்கு இடம் குறைவு. ஏ.எம். 5 வாய்க்கு 2027ஆம் ஆண்டு வரையிலும் அதற்கப்பாலும் புதிய முறைவழியாக்கிகள் வரும் என அந்நிறுவனம் அறிவித்துள்ளது, ஆனால் டி.டி.ஆர். 5 நினைவகமே அதற்கு வேண்டும். மூன்று நான்கு ஆண்டு உழைத்தாற் போதும் என்போர் முன்னதையும், சிறுகச் சிறுக வளர்க்க எண்ணுவோர் பின்னதையும் கொள்ளலாம்.

நினைவகமும் சேமிப்பகமும்

நினைவகம் வேலை செய்யும் மேசையைப் போல்வது. சேமிப்பகம் நூல்களை அடுக்கிய அலுமாரியைப் போல்வது. மேசை சிறிதாயின் ஒவ்வொரு நூலுக்கும் அலுமாரிக்கு நடக்க நேரும். இக்காலத்துக்கு 8 ஜிகாபைற்று தாழ்ந்த எல்லை. 16 இருப்பின் நிறைவு. வரைவியல் வசதி முறைவழியாக்கியினுள்ளே பொதிந்திருப்பின், அது தன் தேவைக்கும் இந்நினைவகத்திலேயே கடன் வாங்கும். அத்தகைய கணினியில் 16இன் ஒரு துண்டைவிட 8இன் இரு துண்டுகள் விரைவு மிகத் தரும். இரு வழியாலும் ஒருங்கே தரவு செல்லுதலே காரணம். இப்பொழுது 8 வாங்கவே பணம் உள்ளவர் ஒரு துண்டை வாங்கி, மற்றை வாயைப் பின்னைக்கு விட்டு வைக்கலாம்.

சேமிப்பகத்திற் சுழல்தட்டு ஒரு நிமிடத்துக்கு 7200 முறை சுழலும். எனவே ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிசெக்கன் செல்லும். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகள் ஒவ்வொன்றுக்கும் தட்டு சுழன்று வருமளவும் கணினி காத்திருத்தல் வேண்டும். எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்ம நிலைச் சேமிப்பகத்திற் சுழலும் உறுப்பு இல்லை. ஆதலின் அக்காத்திருப்பும் இல்லை. பழைய கணினி ஒன்றுக்குப் புத்துயிர் அளிக்க வேண்டுமாயின் முதலில் மாற்றத்தக்கது இதுவே. சாற்றா வகை செக்கனுக்கு 550 மெகாபைற்று வரையும், என்.வி.எம்.இ. வகை அதனிற் பன்மடங்கும் தரவு தரும். எம். 2 வடிவில் இவ்விரு வகையும் உளவாதலின், பலகை ஏற்பது எது என்று கையேட்டிற் பார்த்து வாங்குக. 500 ஜிகாபைற்று மாணவர்க்குப் போதியது. படங்களும் நிகழ்படங்களும் பெருகிய பின்னர் மலிவான சுழல்தட்டு ஒன்றைத் துணையாகச் சேர்க்கலாம்.

வலு வழங்கி

ஏனைய உறுப்பு கெடின் அஃதொன்றே கெடும். வலு வழங்கி கெடின் தன்னோடு பிறவற்றையும் கெடுத்தல் கூடும். இதனைப் பெரும்பாலோர் ஈற்றில், எஞ்சிய பணத்தில், பேழையோடு இலவசமாக வருவதாகவே பெறுகின்றனர். அதன் பக்கத்தில் ஒட்டிய அட்டவணையைப் படிக்கும் முறையை ஒவ்வொரு மாணவரும் அறிதல் வேண்டும்.

முறைவழியாக்கிக்கும் வரைவியல் அட்டைக்கும் வலு செல்வது 12 வோல்ற்று வழியினாலேயாம். அவ்வழியின் அம்பியர் எண்ணை 12ஆற் பெருக்குக. 30 அம்பியராயின் 360 வாற்று. பெட்டியின்மேற் பெரிய எழுத்தில் 500 வாற்று என்று பொறித்து, அட்டவணையில் 12 வோல்ற்றுக்கு 18 அம்பியர் எனக் காட்டியிருப்பின், உண்மையிற் பயன்படுவது 216 வாற்றே. பெயர் ஒன்று, பொருள் வேறு. வரைவியல் அட்டை இல்லாத மாணவர் கணினி, 65 வாற்று முறைவழியாக்கியோடு, முழுவேலையிலும் ஏறத்தாழ 150 வாற்றுக்குள் அடங்கும். ஆதலின் நேர்மையான 400 அல்லது 450 வாற்று வழங்கி தாராளம். 80 பிளஸ் என்னும் சான்று 2004ஆம் ஆண்டிலிருந்து வழங்குவது. சுமை 20, 50, 100 வீதமாக இருக்கும்போது 80 வீதமேனும் பயன் தரும் என்பதே அதன் அடிப்படைப் பொருள். உள்ளே 200 வாற்று வேண்டின் அத்தகைய வழங்கி சுவரிலிருந்து 250 வாற்றுக்கு மேல் இழுப்பதில்லை. எஞ்சியது வெப்பமாகக் கழியும்.

எம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. 2022 மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின் தடைப்பட்டதை எவரும் மறந்திரார். மின் சடுதியாக நின்று மீள்வதே கணினிக்குப் பகை. ஆகவே சிறியதாயினும் ஒரு யூ.பி.எஸ். வேண்டும், வேலையைச் சேமித்து முறையாக நிறுத்துதற்கு வேண்டிய சில நிமிடம் அது தரும். சுவர்ப் பொருத்துவாயின் புவித்தொடுப்புச் சரியாக உள்ளதா என மின்வேலை அறிந்தவரைக் கொண்டு முன்னரே சோதிப்பிக்க.

பேழையைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். காற்று முன்னே புகுந்து பின்னே வெளியேறல் வேண்டும். தூசு வடிக்கும் வலை இருத்தல் நன்று. கடற்கரையோர வீடுகளில் உப்புக்காற்றும் தூசும் சேர்ந்து உலோகத்தை அரிக்குமாதலின், பெட்டியை நிலத்தில் வையாது உயர்த்தி வைத்து, மாதம் ஒருமுறை துடைப்பது ஆயுளைக் கூட்டும்.

பழையன கொள்ளலும் தள்ளலும்

பணம் குறைந்தவர் பழைய உறுப்புகளை அடியோடு விலக்க வேண்டுவதில்லை. பேழை, திரை, விசைப்பலகை ஆகியவற்றைப் பார்த்து வாங்கலாம். முறைவழியாக்கி எளிதில் தேய்வதன்று. ஊசிகள் நேராய் இருப்பின் கொள்ளலாம். வலு வழங்கியும் சுழல்தட்டும் பழையன கொள்ளத்தக்கன அல்ல; அவற்றின் எஞ்சிய ஆயுளைக் கண்ணாற் காணல் இயலாது. பழைய வரைவியல் அட்டைகளிற் சில, எண்ணிம நாணயம் ஈட்டும் பொருட்டு இரவு பகலாக இயக்கப்பட்டவை. எதீரியம் என்னும் நாணயத்தில் அம்முறை 2022 செப்டெம்பரில் முடிவுற்ற பின்னர் அத்தகையன சந்தைக்குப் பெருகி வந்தன. இயங்கக் காட்டாமல் விற்கும் அட்டையை வாங்கற்க.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர் தம் மருகர்க்கும் பெறாமக்களுக்கும் அன்போடு உறுப்புகள் அனுப்புகின்றனர். அனுப்புமுன் இங்குள்ள தாய்ப்பலகையின் பெயரை வினவி அனுப்புக. அங்கு பெற்ற உத்தரவாதம் இங்கு செல்லாதிருத்தல் கூடும் என்பதையும் எண்ணுக. பழைய வலு வழங்கிகள் சிலவற்றின் பின்புறத்தில் 115, 230 எனக் குறித்த சிறு ஆளி ஒன்று உண்டு. வட அமெரிக்காவிலிருந்து வருவது 115இல் நிற்குமாயின், இங்கு செருகிய கணத்தே அது பழுதாகும்.

கல்லூரிக்குக் கணினி வழங்க விரும்பும் அன்பர்க்கும் ஒன்று சொல்வோம். கண்ணைக் கவரும் ஒரு பெரிய கணினியிலும், ஒரே பலகையும் ஒரே வகை நினைவகமும் உடைய பல நடுத்தரக் கணினிகளே பயன் மிக்கன. ஒன்றில் ஓர் உறுப்புப் பழுதாயின் மற்றொன்றின் உறுப்பைக் கொண்டு சோதிக்கலாம். மாணவர் பலர் ஒருங்கே கற்கலாம். அவற்றைப் பூட்டி அமைக்கும் பணியையும் ஆசிரியர் மேற்பார்வையில் மாணவரிடமே விடுதல் இன்னும் சிறப்பு.

மாணவர்களே, பட்டியலை எழுதியபின் கடைக்கு ஓடாது, அறிந்தவர் ஒருவரிடம் காட்டி, வாய்க்கு வாய் பொருத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டையும் உத்தரவாதச் சீட்டையும் ஒரு கோவையில் இட்டுப் பேணுங்கள். பூட்டும் நாளில் மின்னிணைப்பு யாவும் நீக்கி, உலோகத்தைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்னைப் போக்கி, அவசரமின்றிப் பூட்டுங்கள். நும் கையால் அமைத்த கணினி முதன்முறை ஒளிரும்போது, உள்ளே இருப்பது மாயமன்று, ஒழுங்கே என்பது நுமக்கு விளங்கும். அவ்விளக்கம் பெற்ற பிள்ளைக்குப் பெற்றோர் செலவிட்ட பணம் ஒரு சதமும் வீண்போனதாகாது.